சூட்டிலேயே வில்லை போட வேண்டிய சோப்பு

கத்தியை வைத்து அழுத்தினேன். சோப்பு அறுபடாமல் உடைந்தது. கத்தி இறங்கிய இடத்திலிருந்து ஒரு விரிசல் குறுக்கே ஓடி, கட்டியின் கால் பங்கு பொலபொலவென்று மேசையில் உதிர்ந்தது. சற்றுத் தள்ளி இன்னோர் இடத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் அதே கதை. சிங்கப்பூர் அங் மோ கியோவில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அப்போது காலை ஏழு மணி. முந்தைய இரவு ஒன்பதே முக்காலுக்கு அச்சில் ஊற்றி, துண்டால் மூடி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போயிருந்தேன். சாதாரணச் சோப்புக்கு எல்லோரும் சொல்லும் கணக்கு அதுதான். இரவு முழுக்க இறுகட்டும், மறுநாள் வெட்டிக்கொள்ளலாம்.

காப்பியுடன் வந்த அம்மா ஒரு துண்டை எடுத்து விரலால் நெருடிப் பார்த்தார். அவர் ஒருநாளும் சோப்புச் செய்தவரில்லை. ஆனால் நாற்பது தீபாவளிக்கு மைசூர்பாகு கிளறியவர். “ஆறவிட்டு வெட்டினால் இப்படித்தான் உதிரும். இதைச் சூட்டிலேயே வில்லை போட்டிருக்க வேண்டும்” என்றார்.

நான் செய்தது உப்புச் சோப்பு, அதாவது கலவையிலேயே நிறைய உப்பைக் கொட்டிச் செய்வது. அதைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. மீதிப் பாதி, வில்லை போட்ட பிறகு அதைத் தொடாமல் வைத்திருப்பது. முதல் இரண்டு மணி நேரம் அதன் பின்னாலேயே ஓட வேண்டும். அடுத்த இரண்டு மாதம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். சாதாரணச் சோப்பு இவ்வளவு அவசரப்படுத்துவதும் இல்லை, இவ்வளவு காக்க வைப்பதும் இல்லை. இது தெரியாமல்தான் முதல் ஈடு வீணாயிற்று. மூன்று ஈடு போட்ட பிறகு, இப்போது எழுதுகிறேன்.

இந்த ஆசையை மூட்டியவர் மாமா. 1970களில் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். கப்பலில் நன்னீருக்கு அளவு உண்டு. குளிக்கப் பல நாள் கடல்நீர்தான். “சாதாரணச் சவர்க்காரம் கடல்நீரில் திரிந்துபோகும் அம்மா. உடம்பில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், எளிதில் போகாது. தேங்காய் எண்ணெயில் செய்த கட்டி ஒன்று கொடுப்பார்கள். அது மட்டும்தான் நுரைக்கும்” என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் தலைமுறைக்கு அது சவர்க்காரம். சோப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. அந்தக் கட்டியைப் போன்ற ஒன்றை மறுபடியும் அவர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மாமா சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சோப்பு என்பது கொழுப்பு அமிலமும் சோடியமும் சேர்ந்தது. சமையல் உப்பிலும் சோடியம் இருக்கிறது. உப்புநீரில் ஏற்கெனவே சோடியம் நிறைந்திருப்பதால், சோப்புக்குக் கரைய இடம் போதாமல் திரிந்து ஒதுங்குகிறது. சோப்பு ஆலைகளில் இதையே ஒரு வழிமுறையாக வைத்திருக்கிறார்கள். கொதிக்கும் சோப்புக் குழம்பில் உப்பைச் சேர்த்தால் சோப்பு திரண்டு மேலே வரும், கிளிசரின் உப்புநீரோடு கீழே தங்கிவிடும். செம்பனை எண்ணெயிலும் மாட்டுக்கொழுப்பிலும் உள்ள அமிலங்கள் பெரும்பாலும் 16, 18 கார்பன் கொண்ட நீளமான சங்கிலிகள். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி, லாரிக் அமிலம். அதில் 12 கார்பன்தான். சங்கிலி குட்டையாக இருப்பதால் உப்புநீரிலும் அது கரைகிறது, நுரைக்கிறது. அரைக் கிலோ எண்ணெய்க்குக் கால் கிலோவோ அரைக் கிலோவோ உப்பைக் கொட்டிச் செய்யும் கட்டி நுரைக்க வேண்டுமானால் தேங்காய் எண்ணெய்தான் கதி. ஆலிவ் எண்ணெயை முதன்மையாக வைத்துச் செய்தால் கையில் நுரையாத கல் ஒன்றுதான் மிஞ்சும்.

தேங்காய் எண்ணெய்ச் சோப்புக்கு ஒரு குணம் உண்டு. அழுக்கோடு சேர்த்துத் தோலின் எண்ணெய்ப் பசையையும் வழித்துக்கொண்டு போய்விடும். குளித்து வந்தால் தோல் இழுக்கும். அதற்காக, எண்ணெயைச் சோப்பாக மாற்றும் காரமான காஸ்டிக் சோடாவைக் கணக்குக்குக் குறைவாகப் போட்டு, எண்ணெயில் ஒரு பங்கு சோப்பாகாமல் அப்படியே தங்கும்படி செய்வார்கள். சாதாரணச் சோப்பில் அந்த மிச்சம் 5 விழுக்காடு அளவில் இருக்கும். உப்புச் சோப்பில் 15 முதல் 20 வரை வைப்பது வழக்கம். நான் 20 வைத்தேன்.

கணக்கு இப்படி: தேங்காய் எண்ணெய் 400 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம், நல்லெண்ணெய் 50 கிராம். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். விளக்கெண்ணெய்க்கு 0.128, நல்லெண்ணெய்க்கு 0.134. பெருக்கிக் கூட்டினால் 86.3 கிராம் வருகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 69. தண்ணீர் அதைப்போல் இருமடங்கு, 138 கிராம். எல்லாமே எடைக்கணக்கு, தண்ணீர் உட்பட. குவளையாலும் கரண்டியாலும் அளந்து இந்த வேலையைச் செய்யவே கூடாது. ஓர் எண்ணெயை மாற்றினாலும் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். விளக்கெண்ணெய் நுரையை நிலைக்க வைக்கிறது என்பதால் சேர்த்தேன். நல்லெண்ணெய்க்கு அப்படிப்பட்ட காரணம் ஒன்றுமில்லை. சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக் குளித்து வளர்ந்த வீட்டில் அது இல்லாமல் ஒரு குளியல் பொருள் செய்ய எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்று எண்ணெயும் தேக்காவில் ஒரே கடையில் கிடைத்தன. காஸ்டிக் சோடாவைச் சோப்புச் செய்முறைப் பொருள்கள் விற்பவரிடம் வாங்கினேன். குழாய் அடைப்பு நீக்கும் தூளை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். சிலவற்றில் அலுமினியத் துகள்களும் வேறு பொருள்களும் கலந்திருக்கும். உறையில் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற ஒரே பெயர்தான் இருக்க வேண்டும்.

குளிர்நாட்டுச் செய்முறைகளில் முதல் வேலையே தேங்காய் எண்ணெயை உருக்குவது. அது ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசில் உருகிவிடும் என்பதால் சிங்கப்பூரில் அந்த வேலை இல்லை. புட்டியைத் திறந்து ஊற்றினால் போதும். நமக்கு நேரம் பிடிப்பது காஸ்டிக் கரைசலை ஆறவைப்பதுதான்.

அந்தக் கரைசலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பின்பக்கம் துணி காயவைக்கும் இடத்தில், சன்னலை முழுவதும் திறந்து வைத்துத்தான் கரைத்தேன். கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, நீளமான ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை மூன்றும் இல்லாமல் இதைத் தொடக்கூடாது. சிறு பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எப்போதும் தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். தூவத் தொடங்கிய அரை நிமிடத்தில் பாத்திரம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. ஒரு மங்கலான ஆவி எழுந்து தொண்டையைக் கரகரக்க வைக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளற வேண்டும். பாத்திரம் எவர்சில்வராகவோ தடித்த பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். அலுமினியம் கூடவே கூடாது. காஸ்டிக் அதை அரித்து, தீப்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். இந்த வேலைக்கு எடுத்த பாத்திரமும் கரண்டியும் மறுபடியும் சமையலுக்குத் திரும்பக்கூடாது. எங்கள் வீட்டில் அவற்றின் பிடியில் சிவப்பு நாடா கட்டி, தனிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இரண்டாம் ஈட்டின்போது கையுறையின் விளிம்பைத் தாண்டி மணிக்கட்டில் ஒரு சொட்டு விழுந்தது. முதலில் எரியவில்லை, வழுவழுவென்றிருந்தது. தோலிலுள்ள கொழுப்பே சோப்பாக மாறத் தொடங்கியதன் வழவழப்பு அது. சில நொடியில் அரித்தது, பிறகு எரிந்தது. ஓடும் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரத்துக்கு மேல் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சிவந்ததோடு போயிற்று. வினிகரை ஊற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். தோலின் மேல் அப்படிச் செய்ய வேண்டாம். காரமும் அமிலமும் சேரும்போது மேலும் சூடு பிறக்கும். தண்ணீர்தான் மருந்து, அதுவும் நிறையத் தண்ணீர். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

அடுத்தது உப்பு. முதல் ஈட்டுக்கு வீட்டிலிருந்த கல்லுப்பை மிக்சியில் அரைத்துப் போட்டேன். எவ்வளவு அரைத்தாலும் நடுநடுவே குருணை தங்கிவிடுகிறது. தேய்க்கும்போது அது தோலைக் கீறும். இரண்டாம் ஈட்டுக்குக் கடையில் விற்கும் பொடி உப்பைச் சலித்துப் போட்டேன்; அதுவே சரி. சாக்கடல் உப்பு என்று விலை உயர்ந்த ஒன்று விற்கிறார்கள், பெயரைக் கேட்டதும் வாங்கத் தோன்றும். அதில் மெக்னீசியம் குளோரைடு மிகுதி. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இழுத்துக் கட்டியைச் சொதசொதவென்று ஆக்கிவிடும். நம் ஊர்க் காற்றுக்கு அது சற்றும் ஒத்துவராது.

உப்பின் அளவை எண்ணெயின் எடையோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். முதல் ஈட்டில் எண்ணெய்க்குச் சமமாக 500 கிராம் போட்டேன். கை பழகாத ஒருத்திக்கு அது அதிகம். உப்பு கூடக்கூட கட்டி விரைவில் இறுகும், வெட்டக் கிடைக்கும் நேரம் குறையும். இரண்டாம் ஈட்டில் பாதியாக்கி 250 கிராம் போட்டேன்.

இரண்டாம் ஈட்டை ஒரு சனிக்கிழமை காலையில் வைத்துக்கொண்டேன், இரவில் தூங்கிப்போய்விடக் கூடாது என்பதற்காகவே. காஸ்டிக் கரைசல் இருந்த பாத்திரத்தைப் பனிக்கட்டி போட்ட பேசினில் இறக்கி 40 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். எண்ணெய் அறையின் சூட்டிலேயே இருந்தது. கரைசலை எண்ணெயில் ஊற்றி, ஸ்டிக் பிளெண்டரை ஐந்து நொடி ஓட்டுவதும் கையால் கிளறுவதுமாக மாறி மாறிச் செய்தேன். பொன்னிறத்தில் தெளிவாக இருந்த எண்ணெய் மெல்ல மங்கி, பால் கலந்த மாதிரி ஆகி, பிறகு வெண்ணெய் நிறத்துக்கு வந்தது. கரண்டியைத் தூக்கினால் விழும் துளி உடனே கலந்துவிடாமல் மேலே ஒரு கோடாகக் கொஞ்ச நேரம் நிற்கும். தோசை மாவுப் பதம். அந்த நொடியில் பிளெண்டரை எடுத்து வைத்துவிட வேண்டும்.

உப்பைக் கொட்டிக் கிளறினேன். கலவை கண்ணெதிரே கெட்டிப்படுகிறது. தோசை மாவாக இருந்தது ஒரு நிமிடத்தில் இட்லி மாவாயிற்று, இன்னும் தாமதித்திருந்தால் உப்புமாவாகியிருக்கும். பத்தே கால் மணிக்கு எல்லாவற்றையும் சிலிகான் அச்சில் வழித்துப் போட்டு, காற்றுக் குமிழ் வெளியேற மேசையில் நான்கு முறை தட்டினேன்.

அதன் பிறகு அடுத்த அறைக்குக்கூடப் போகவில்லை. பத்து ஐம்பதுக்கு அச்சின் வெளிப்புறம் நன்றாகச் சுட்டது. ஓரங்கள் வெள்ளையாக இறுகியிருந்தன. நடுப்பகுதி மட்டும் கஞ்சி வடித்த பசைபோல ஒளி ஊடுருவும்படி மினுமினுத்தது. உள்ளே சோப்பாகும் வேலை முழு வேகத்தில் நடக்கிறது என்பதற்கு அது அடையாளம். பதினொன்று இருபதுக்குப் பெருவிரலை வைத்தால் பள்ளம் விழுந்தது. பதினொன்று முப்பத்தைந்துக்கு அம்மா கையுறை போட்டுக்கொண்டு வந்து நடுவில் ஒருமுறை, ஓரத்தில் ஒருமுறை அழுத்தினார். பனீர்க் கட்டி போல, அழுந்தியும் அழுந்தாமலும் இருந்தது. “போடு” என்றார்.

அச்சைக் கவிழ்த்தேன். கட்டி இன்னும் வெதுவெதுவென்றிருந்தது. முதல் வில்லையில் கத்தியோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. ஈரத்துணியால் அலகைத் துடைத்தேன். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வில்லைகள் சத்தமே இல்லாமல் அறுபட்டன. வெட்டுமுகம் மெழுகு பூசியதுபோல வழவழவென்று இருந்தது. ஆறாவதில் கத்தி இறங்கும்போது லேசாக நறநறவென்றது. கடைசிக் கத்தியை வைக்கும்போது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. அதில் மூலை ஒன்று சிலும்பாகப் பெயர்ந்தது. நன்றாக வெட்ட எனக்குக் கிடைத்தது மொத்தம் பதினேழு நிமிடம். அன்று குளியலறைக்குப் போய் வந்திருந்தால்கூடப் பாதி வில்லை உடைந்திருக்கும். உப்பு இன்னும் அதிகமாயிருந்தால், அறை இன்னும் சூடாக இருந்தால் அந்த நேரம் மாறும். ஆகவே கடிகாரத்தை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள்.

எட்டு வில்லைகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் 117, 118 கிராம்.

அவற்றைக் கேக் ஆறவைக்கும் கம்பித் தட்டில் அடுக்கினேன். அதுதான் அடுத்த தவறு. ஐந்தாம் நாள் புரட்டிப் பார்த்தபோது அடிப்பக்கத்தில் செம்பழுப்புக் கோடுகள் ஓடியிருந்தன. உப்பும் ஈரமும் சேர்ந்து கம்பியில் துருவேற்றி, அந்தத் துரு சோப்பில் இறங்கியிருந்தது. கத்தியால் சுரண்டிவிட்டு, அம்மாவின் பழைய மூங்கில் முறத்தில் காகிதம் விரித்து மாற்றினேன். உலோகம் எதுவும் இதன் அருகில் வேண்டாம்.

துருவைவிடப் பெரிய தொல்லை வியர்வை. தினமும் காலையில் எழுந்து பார்த்தால் எட்டு வில்லைகள் மீதும் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருக்கும். பிற்பகலில் தானாகவே காய்ந்துவிடும். மறுநாள் காலை மறுபடியும் கோக்கும். ஒரு வில்லையைத் தராசில் வைத்துப் பார்த்தேன். காலை ஏழு மணிக்கு 116 கிராம், மாலை நான்கு மணிக்கு 114. நான்கு நாள் தொடர்ந்து இதே ஏற்ற இறக்கம். காரணம் தேடியபோதுதான் நம் ஊர்க் காற்றும் உப்பும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பது புரிந்தது. தூய சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். சிங்கப்பூரில் விடியலுக்கு முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். அந்த 75 என்ற கோட்டை நம் காற்று அப்படிப்பட்ட ஒவ்வொரு நாளும் இரண்டு முறை தாண்டுகிறது. சோப்பும் அதோடு சேர்ந்து நனைகிறது, காய்கிறது. இதோடு சோப்பிலேயே பிறந்திருக்கும் கிளிசரினும் ஈரத்தை இழுக்கும். உப்பு ஜாடியில் அம்மா நான்கு அரிசி போட்டு வைப்பதும் இதே பகையை எதிர்த்துத்தான்.

ஆறு வாரம் அலமாரியில் வைத்தால் போதும் என்று எழுதியவர்கள் வறண்ட ஊரில் இருந்து எழுதியிருக்க வேண்டும். இங்கே சமையலறையில் எத்தனை வாரம் வைத்தாலும் அது காயப் போவதில்லை. முறத்தோடு தூக்கி, இரவில் குளிரூட்டி ஓடும் படுக்கையறைக்குக் கொண்டுபோனேன். குளிரூட்டி இயங்கும்போது காற்றிலுள்ள ஈரமும் குறைகிறது. மிகவும் கசிகிற அந்த விடியற்காலைப் பொழுதில் அது பெரிய உதவி. பகலில் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் முறத்தை வைத்து, உடைமாடத்தில் தொங்கவிடும் ஈரமுறிஞ்சும் பை ஒன்றையும் உள்ளே சோப்பில் படாமல் வைத்தேன். அந்தப் பைகளில் இருப்பது கால்சியம் குளோரைடு. உப்பைவிட வேகமாக ஈரத்தைக் குடித்துவிடும். மூன்று வாரத்தில் பையின் அடியில் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. அவ்வளவும் இல்லாவிட்டால் சோப்பின் மேல் இருந்திருக்கும். எட்டாம் வார முடிவில் வில்லை 108 கிராமுக்கு வந்து, அங்கேயே நின்றது. காலையும் அதுதான், மாலையும் அதுதான். அன்றுதான் குளியலறைக்கு எடுத்துப் போனேன்.

இடையில் ஒருநாள் வீட்டில் சின்ன அச்சம். சோப்பில் காரம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க அம்மா ஈர வில்லையின் மேல் மஞ்சள்தூளைத் தடவினார். இரத்தச் சிவப்பாயிற்று. ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவப்பது போலவே. “இதைத் தோலில் போட முடியாது” என்றார் உறுதியாக. கடையில் வாங்கிய சோப்பை எடுத்து வந்து அதன் மேலும் தடவிக் காட்டினேன். அதுவும் சிவந்தது. இப்படிச் செய்யும் சோப்பு எதுவானாலும் காரத்தன்மை உடையதுதான், காரத்தையும் அமிலத்தையும் அளக்கும் pH கணக்கில் அது 9, 10 என்று இருக்கும். மஞ்சள் 8ஐத் தாண்டும்போதே நிறம் மாறிவிடும். வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சள் கறை சோப்புப் போட்டதும் சிவப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆகவே மஞ்சள் சோதனையால் நல்ல சோப்பையும் கெட்ட சோப்பையும் பிரிக்க முடியாது. பழையவர்கள் செய்வது நாக்குச் சோதனை. ஈர விரலால் கட்டியைத் தேய்த்து, நுனி நாக்கில் லேசாகத் தொட வேண்டும். சோப்புச் சுவை மட்டும் தெரிந்தால் சரி. மின்கலத்தைத் தொட்டாற்போல் சுரீர் என்றால் காஸ்டிக் மிச்சம் இருக்கிறது. அதைத் தோலில் போடக் கூடாது. எடையைச் சரியாக நிறுத்து, ஐந்தில் ஒரு பங்கு குறைத்துப் போட்ட கலவையில் அது நேராது. நேர்ந்தால் தராசில்தான் பிழை. ஒரு கிராமுக்குக் கீழும் காட்டும் மின்தராசு ஒன்றுக்குச் செலவிடுவது இந்த வேலையில் வீண் போகாது.

மூன்றாம் ஈட்டை வெட்டும் வேலையே இல்லாமல் எட்டுக் குழிகள் கொண்ட வட்ட அச்சில் போட்டேன். உப்பு 375 கிராம். ஐந்து மணி நேரத்தில் அச்சிலிருந்து தட்டி எடுத்தேன், ஒன்றுகூட உடையவில்லை. முதல்முறை செய்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஒரே ஒரு சிக்கல், உப்புப் போட்ட பிறகு எட்டுக் குழிகளையும் நிரப்பக் கிடைக்கும் நேரம் மிகவும் குறைவு. கடைசி இரண்டு குழிக்கு வரும்போது கலவையை ஊற்ற முடியாமல் அள்ளி அமுக்க வேண்டியதாயிற்று. அந்த இரண்டில் மட்டும் பொத்தல்கள் விழுந்தன. பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் எளிது. ஆனாலும் எனக்குக் கத்தியால் வெட்டிய இரண்டாம் ஈட்டுக் கட்டிகள் மேல்தான் பிரியம். அந்த வெட்டுமுகத்தின் வழவழப்பு அச்சில் வார்த்ததில் வரவில்லை.

உடைந்த முதல் ஈட்டையும் எறியவில்லை. துண்டுகளை இரண்டு மாதம் உலர்த்தி, பருத்தி வலைப்பையில் கட்டிக் குளியலறையில் தொங்கவிட்டிருக்கிறேன். கல்லுப்புக் குருணை உடம்பில் கீறினாலும் குதிகாலுக்கு நன்றாகவே இருக்கிறது.

இந்தச் சோப்பின் நுரை வேறு மாதிரி. பெரிய குமிழ்களாகப் பொங்காது. பாலேடு போல அடர்த்தியாக, கையோடு ஒட்டி நிற்கும். குளித்த பின் தோல் இழுக்கவில்லை, பிசுக்கும் இல்லை. கட்டி கரையக் கரைய ஆற்றுக் கூழாங்கல் போல மழுங்கி வழவழப்பாகிறது. புதுக் கட்டியின் விளிம்பு கூர்மையாக இருக்கும் என்பதால் காய்கறித் தோல் சீவியால் ஓரங்களைச் சீவிவிட்டேன். தண்ணீர் வடியும் தட்டில்தான் வைக்க வேண்டும். வெட்டுக்காயமோ சிரங்கோ உள்ள இடத்திலும், சவரம் செய்த தோலிலும் இதைப் போட வேண்டாம், உப்பு எரியும். வாசனை எதுவும் சேர்க்கவில்லை. புதிதாகச் செய்யும்போது ஒரு பொருள் குறைந்தால் ஒரு தவறு குறையும் என்பதற்காகத்தான். ஆனால் மணமில்லாத சோப்பைப் பரிசாகக் கொடுப்பது எப்படி என்று ஒரு தயக்கம் இருந்துகொண்டே இருந்தது.

ஒன்பதாம் வாரம் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போய் ஒன்றரை லிட்டர் புட்டியில் கடல்நீர் எடுத்து வந்தேன். சோப்பைக் கடலில் கழுவ மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வந்தார். இரண்டு பேசின்களில் கடல்நீரை ஊற்றி, ஒன்றில் கடைச் சோப்பையும் மற்றொன்றில் என் வில்லையையும் வைத்தேன்.

கடைச் சோப்பைத் தேய்த்தபோது கையில் நுரையே எழவில்லை. சாம்பல் நிறத்தில் திரிதிரியாகப் பிரிந்து விரலிடுக்கில் ஒட்டியது. “இதைத்தான் சொன்னேன்” என்று மாமா தலையாட்டினார். நன்னீரில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, என் வில்லையை எடுத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு படலம் எழுந்து, மணிக்கட்டு வரை பரவியது. நன்னீரில் வருகிற அளவு இல்லை. பேசின் நீரின் மேல் மெல்லிய கசடும் மிதந்தது. கடல்நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் தேங்காய் எண்ணெய்ச் சோப்பையும் முழுவதுமாக விட்டுவைப்பதில்லை. ஆனாலும் அது நுரைதான். கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். “வாசனையே இல்லையே” என்றார்.

“சேர்க்கவில்லை மாமா. அடுத்த முறை ஏதாவது சேர்க்கிறேன்” என்றேன்.

“வேண்டாம் அம்மா. அதிலும் கிடையாது” என்று சொல்லிவிட்டு, வில்லையை மறுபடியும் கடல்நீரில் நனைத்து முழங்கை வரை தேய்க்கத் தொடங்கினார்.